என் பெயர் வைத்த கெர்னல்

நான் கல்யாணத் தரகு பார்க்கிறவள். வீடு திருத்தணியில், மலைக்குப் பஸ் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில். இந்தப் பக்கம் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அந்தப் பக்கம் நகரி, சித்தூர் வரைக்கும் என் கை போகும். தமிழ் பேசும் வீட்டுப் பெண்ணைத் தெலுங்கு பேசும் வீட்டில் கொடுத்திருக்கிறேன், அங்கேயிருந்து இங்கே கொண்டுவந்திருக்கிறேன். நான் சேர்த்துவைத்த ஜோடி எதுவும் கோர்ட் வாசல் ஏறியதில்லை. இதை நானே சொல்லிக்கொள்ளலாம், பொய் இல்லை.

படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இதை எழுதுவதற்கே ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப் பொழுது ஆகிறது. பிழை இருந்தால் எங்கள் வீட்டுக்காரர் திருத்துவார், வாக்கியத்தில் கை வைக்க விடமாட்டேன். இங்கிலீஷில் எனக்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும். அது என் பெயர். பேங்கில் கட்டைவிரலை மையில் அழுத்தச் சொன்ன அன்றைக்குக் கோபம் வந்து, பாஸ்புக்கில் அச்சடித்திருந்ததைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகிவிட்டேன்.

ஜாதகங்களை முன்பெல்லாம் மஞ்சப்பையில் வைத்திருந்தேன். பிறகு போனில் படம் பிடித்து வைத்தேன். அந்தப் போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து பதினோரு ஜாதகத்தைத் தன்னோடு கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர் ஒரு பழைய லேப்டாப்பை வாங்கிவந்து, அதில் லினக்ஸ் என்கிற மென்பொருளை ஏற்றினார். அவர் தொலைபேசி இலாகாவில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். கம்பம் ஏறிய உடம்பு சும்மா உட்காராது. லினக்ஸ் என்றால் உள்ளே கழற்றிப் பார்க்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்பார். அதுவே அவருக்குப் போதும்.

லேப்டாப்பில் ஒரே ஒரு குறை. அதிலிருக்கும் கேமரா எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டும். ஜாதகக் காகிதம் என்றால் நான் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துவிடுவேன், படம் நேராக வந்துவிடும். மனிதரை அப்படிப் பிடிக்க முடியுமா? ஒருமுறை ஒரு பெண்ணை உட்காரவைத்துப் படம் எடுத்தோம். பெண்ணின் அம்மா திரையைப் பார்த்தாள். மகள் கால் இல்லாமல் கூரையில் தொங்குவதுபோல் தெரிந்தாள். அந்த அம்மா அபசகுனம் என்று எழுந்தவள், கொடுத்த காபியைக்கூடக் குடிக்கவில்லை.

"லேப்டாப்பத் தூக்கித் தலைகீழா வச்சிடுங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"வச்சாத் திரையும் கூடவே தலைகீழாப் போயிடும், பாக்குறவங்களுக்கு ஆளு அப்பவும் தொங்கத்தான் தொங்குவான். இத அடியிலதான் சரி பண்ணணும்மே. கெர்னல்ல."

"அது இன்னா கெர்னல்?"

அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எதையாவது விளக்கப்போகிறார் என்றால் அப்படித்தான் உட்காருவார்.

"பொட்டிக்குள்ள கேமரா, எல்லாத்தையும் சேத்து வைக்கிற தட்டு, விசைப்பலகை எல்லாம் கீது இல்ல? மேல நாம பாக்குற படம், எழுத்து கீது. இதுவும் அதுவும் நேராப் பேசிக்காது. நடுவுல ஒருத்தன் நின்னுகினு, இங்க கேட்டு அங்க சொல்லுவான், அங்க கேட்டு இங்க சொல்லுவான். அவன்தான் கெர்னல்."

"தரகன்."

"ஆங். தரகன்தான்."

"அப்ப அவன் இவன்னு பேசாதீங்க."

எந்தெந்த லேப்டாப்பில் கேமராவைத் தலைகீழாகப் பொருத்தியிருக்கிறார்கள் என்று அந்தக் கெர்னலுக்குள்ளேயே ஒரு பட்டியல் இருக்கிறதாம். அந்தப் பட்டியலில் எங்கள் லேப்டாப் இல்லையாம். ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், ஆனால் அந்த ஒரு வரிக்காக முழுக் கெர்னலையும் புதிதாகக் கட்ட வேண்டும். புதன்கிழமை காலையில் ஆரம்பித்தார். திரையில் வெள்ளை எழுத்து, உலை கொதிப்பதுபோல் மேலே ஏறிக்கொண்டே இருந்தது. லேப்டாப் தோசைக்கல்லாகச் சுட்டது. வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனை அதற்குத் திருப்பிவிட்டார். நான் முந்தானையால் விசிறிக்கொண்டேன். பிரசவ வார்டு வாசலில் நிற்கிற ஆண்பிள்ளைபோல அவர் இரண்டு நாளும் அதன் முன்னாலேயே நடந்தார்.

எனக்கோ வெள்ளிக்கிழமை ஒரு வேலை இருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

பள்ளிப்பட்டில் ஒரு பெண். ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக்கொடுக்கும் வேலை. முப்பத்து மூன்று வயது. செவ்வாய் தோஷ ஜாதகம். நல்ல பெண், நல்ல வாய். ஏழு வரன் வந்து ஏழும் தள்ளிப்போனது. எட்டாவதாகச் சித்தூர்ப் பக்கம் ஒரு பையனை நான் தேடிப் பிடித்தேன். சொந்த நிலம், கூடவே மோட்டார் பம்ப் ரிப்பேர் கடை, அவனுக்கும் செவ்வாய். பையனுக்கு அப்பா இல்லை. தாய்மாமன்தான் எல்லாம். அந்த மாமன் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: "வாய்ல சொல்றது வேணாம்மா. ஜாதகத்தக் காகிதத்துல குடு. மலைல எங்க ஜோசியர் கூட இருப்பாரு. பாத்து அங்கியே சொல்லிடுவோம். இல்லன்னா இந்த வருஷம் பேச்சே வேணாம்."

பெண்ணின் அசல் ஜாதகம் போன மழையில் கூரை ஒழுகி மாவாகிவிட்டது. அதன் படம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது இந்த லேப்டாப்பில் இருந்தது, கட்டி முடிகிறவரை அதை யாரும் தொடக்கூடாது என்றிருந்தார் அவர். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு இரண்டு வீட்டாரும் மலைமேல் சந்திப்பதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் முதல் பார்வையை மலையில் வைப்பது வழக்கம். சாமி கும்பிட வந்ததுபோல் இரண்டு வீடும் வரும். பிடித்தால் பேசும். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட்டோம் என்று இறங்கிப் போகும். யாருக்கும் தலைகுனிவு இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்தேகால். திரையில் எழுத்து ஓடுவது நின்றது.

"முடிஞ்சிதா?" என்றேன்.

"கட்டி முடிஞ்சிது. இன்னும் ரெண்டு கட்டளை போட்டு எடத்துல ஒக்கார வைக்கணும்."

"பத்தரைக்கு ராகு காலம், பன்னெண்டு வரைக்கும் வுடாது. அதுக்குள்ள புதுசு ஏறிடணும். எட்டாவது வரன்ங்க இது. ராகு காலத்துல ஏத்தின பொட்டியில அந்தப் பொண்ணு ஜாதகத்தத் திறக்க மாட்டேன்."

"ரெண்டு போட நேரம் பத்தாது மே."

"அப்ப முக்கியமானது எதுவோ அது ஒண்ணப் போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பத்தைந்து வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவர். ஒன்றைப் போட்டார். பத்து இருபத்தெட்டுக்கு அணைத்து, மறுபடி போட்டார்.

லேப்டாப் செய்த கம்பெனியின் படம் வந்தது. கறுப்பாயிற்று. வெள்ளை எழுத்து கடகடவென்று இறங்கியது. அப்புறம் நின்றது. நின்றது என்றால் கல்லாக நின்றது.

"இன்னா ஆச்சு?"

அவர் அணைத்துப் போட்டார். அதே இடம். மறுபடி போட்டார். அதே இடம். முகத்தில் வேர்வை வந்ததும் ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்தது.

"கெர்னல் பேனிக்" என்றார் மெதுவாக. "பயந்துபோயி நிக்குது. வீட்டுக்குள்ள வந்துடுச்சு, ஆனா தட்டு எங்க கீதுன்னு தெரியல. உன் ஜாதகமெல்லாம் அந்தத் தட்டுலதான்."

"அழிஞ்சிடுச்சா?"

"அழியல. அங்கியேதான் கீது. இதுக்குப் போற வழி தெரியல. ரெண்டாவது கட்டளையிலதான் வழி சொல்ற சாமான் எல்லாம் வரும். அது இல்லாம இத அனுப்பிட்டோம்."

எனக்குச் சட்டென்று ஒரு பழைய நாள் நினைவு வந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் என் மஞ்சப்பையை விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். நெசவாளர் தெருவில் நின்றேன். எல்லா வீட்டிலும் தறிச் சத்தம். பெண் இருக்கும் வீடு எது, கதவு எண் எது, எல்லாம் பையில். ஊரின் நடுவே நின்றுகொண்டு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் அழுகை வந்தது.

"பையில்லாம வந்த தரகன்" என்றேன்.

அந்த நிலைமையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "கரெக்ட்டாச் சொன்ன."

என் போனை வாங்கி, திரையில் இருந்ததைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்துத் தேட ஆரம்பித்தார். உலகத்தில் எத்தனையோ பேருக்கு இதே பயம் வந்திருக்கிறதாம். ஆளுக்கு ஒரு மருந்து சொல்லியிருந்தார்கள். அவர் போனில் முனகிக்கொண்டிருக்க, நான் லேப்டாப் எதிரே உட்கார்ந்து அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசிக்க இல்லை, சும்மாதான். கூட்டத்தில் தெரிந்த முகம் தட்டுப்படுகிறதா என்று பார்ப்போமே, அப்படி.

தட்டுப்பட்டது.

கீழிருந்து ஏழெட்டு வரி மேலே, எண்களுக்கு நடுவில், என் பெயர். பாஸ்புக்கில் இருக்கிற அதே எழுத்து. முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டேன். நான்தான்.

"ஏங்க. என் பேரு ஏன் இதுக்குள்ள கீது?"

அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் காது சிவந்தது.

"எங்க?"

"இங்க. பாக்காம கேக்காதீங்க."

"அது... புதுசாக் கட்டுற கெர்னலுக்குக் கட்டினவன் பின்னால ஒரு பேரு சேக்கலாம். அடையாளத்துக்கு. எல்லாரும் ஏதாவது வைப்பாங்க."

"வீட்டு மனைக்கு உங்க அம்மா பேரு வச்சீங்க. வண்டியில சாமி பேரு. இதுக்கு மட்டும் நானா?"

"உன் வேலைக்குத்தானே கட்டுறேன்."

இத்தனை வருஷத்தில் எனக்குப் புடவை வாங்கித் தந்திருக்கிறார், கம்மல் வாங்கித் தந்திருக்கிறார். இப்படி ஒரு இடத்தில், யாரும் பார்க்காத அடிவயிற்றில், என் பெயரை எழுதி வைப்பார் என்று நான் நினைத்ததில்லை. என் பெயர் வைத்ததை நானே பை இல்லாமல் தெருவில் தள்ளிவிட்டேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"என் தப்புதாங்க" என்றேன்.

கல்யாணம் ஆனதிலிருந்து நான் அப்படிச் சொன்னது அது இரண்டாவது முறை. முதல் முறை எதற்கென்று எழுதமாட்டேன். அவர் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், இன்னொரு பேனிக் வந்துவிட்டதோ என்பதுபோல.

"சரி, வுடு. எல்லாரும் ஒண்ணே ஒண்ணத்தான் ஒத்துமையாச் சொல்றாங்க. பழைய கெர்னல் போகல, உள்ளதான் ஒக்காந்துகினு கீது. பொட்டி ஏறும்போது ஒரு பட்டியல் வரும். அதுல பழசத் தேர்ந்தெடுத்தாப் போதும்."

"வரட்டும்."

"வராது. அந்தப் பட்டியல் அஞ்சு விநாடி நின்னுகினு இருந்தது. யாருக்காகக் காத்துகினு கீதுன்னு நீ கத்தினியேன்னுதான் நேரத்தச் சைபர் ஆக்கி வச்சேன்."

அதுவும் நான்தான். ஆனால் இரண்டாவது தப்பை அன்றைக்கே ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. "கதவு மூடியிருந்தாத் தட்டலாம் இல்ல?" என்றேன்.

தட்டலாமாம். மேல் அம்புக்குறி போட்ட ஷிஃப்ட் விசையைச் சரியான நேரத்தில் அழுத்தினால் பட்டியல் வரும். அவர் அழுத்தினார். வரவில்லை. மறுபடி. வரவில்லை. மூன்றாவது முறையும் பேனிக்கிலேயே போய் நின்றது. மணி பதினொன்று இருபது. மலை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதில் பள்ளிப்பட்டுக்காரர்கள் இருப்பார்களோ என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்.

"தள்ளுங்க" என்றேன். "தெனம் இந்தப் பொட்டியப் போடுறது யாரு? நீங்களா, நானா?"

"ராகு காலம் முடியட்டும்னு சொல்லுவியே."

"புதுசு ஆரம்பிக்கத்தான் ராகு காலம் பாக்கணும். இது பழைய ஆளக் கூப்புடறது. அதுக்கு நேரமே வேணாம்."

நான் லேப்டாப் போடுவது காபி போடுவது மாதிரி. எது எப்போது பொங்கும் என்று கண்ணுக்குத் தெரியும். கம்பெனிப் படம் போகும், முழுக் கறுப்பு வரும். ஒரு மூச்சு. இடது மூலையில் சின்னக் கோடு ஒன்று ஒரே ஒரு தடவை கண் சிமிட்டும். அவர் படம் போன பிறகு அழுத்தினார், அதற்குள் கோடு போய்விடுகிறது. நான் படம் இருக்கும்போதே விசையில் விரலை ஊன்றிவிட்டேன். கோடு சிமிட்டியது. விரலை எடுக்கவில்லை.

பட்டியல் வந்தது.

"வந்துடுச்சு மே" என்றார். இரண்டாவது வரியைத் திறந்தார். உள்ளே நான்கு வரி. இரண்டில் என் பெயர், இரண்டில் இல்லை.

"என் பேரு இல்லாததத் தொடுங்க" என்றேன். சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

தொட்டார். எழுத்து இறங்கியது, நிற்கவில்லை, இறங்கிக்கொண்டே போனது. மலைக்கோயில் கோபுரம் போட்ட எங்கள் திரை வந்தது. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தோம், விட்டுவிட்டோம். பெண்ணின் ஜாதகத்தைத் திறந்து பிரிண்ட் போட்டார். காகிதம் சூடாக வந்தது. பதினொன்று ஐம்பது.

ஆட்டோ பிடித்து மலைக்குப் போனோம். வெள்ளிக்கிழமைக் கூட்டம். சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளுக்கு நடுவில் பெண் வீட்டார் நின்றிருந்தார்கள். பெண் என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தாள்.

"இன்னா பெரிம்மா, இப்டி வேர்த்து ஊத்துது? படியேறி வந்தீங்களா?"

"பொட்டி மக்கர் பண்ணிடுச்சும்மா. உன் ஜாதகம் உள்ள மாட்டிகினு இருந்துது."

"அதுவுமா?" என்றாள். "எட்டு தடவ வந்துட்டேன் பெரிம்மா. இன்னும் ரெண்டு மாப்ள வந்தா கோயில்லயே வேல குடுத்துடுவாங்க."

பையனும் மாமனும் ஜோசியரும் மண்டபத்து நிழலில் இருந்தார்கள். மாமன் காகிதத்தை வாங்கி ஜோசியரிடம் நீட்டினார். ஜோசியர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கட்டங்களில் இறங்கினார். அப்படி அவர் இறங்கியிருக்கும் நேரம் யாரும் பேசமாட்டார்கள். ஒருவரையொருவர் பார்க்கக்கூட மாட்டார்கள். ஆனால் அன்றைக்குப் பெண் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து, "பொட்டிக்கு இன்னா ஆச்சு பெரிப்பா?" என்று கேட்டுவிட்டாள்.

அவருக்கு இது போதாதா? கெர்னல் என்று ஆரம்பித்தார். நான் முழங்கையால் இடித்தேன். அவர் நிறுத்தவில்லை. தலைகீழ்க் கேமரா, இரண்டு கட்டளையில் ஒன்றை மட்டும் போட்டது, பையில்லாத தரகன் எல்லாம் சொன்னார். ராகு காலம் என்றபோது மட்டும் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

பையன் கேட்டுக்கொண்டே இருந்தான். மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன் அல்லவா. "நானும் அப்டித்தாங்க" என்றான். "புது மோட்டார் மாட்டி அது ஓடுற வரைக்கும் பழசத் தூக்கிப் போடமாட்டேன். ஓரமா வச்சிருப்பேன்."

"அப்ப பழசு உங்க வீட்ல நெறைய இருக்குமே" என்றாள் பெண்.

"ஒரு கொட்டாய் நெறைய கீதுங்க."

"யாரு பெருக்குவாங்க அத?"

"நானேதான்."

பெண் சிரித்தாள். பையனும் சிரித்தான். மாமன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நைனா, கொஞ்சம் பொறு. ஜோசியர் இன்னும் சொல்லலே" என்றார் பையனிடம்.

ஜோசியர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். "தோஷத்துக்குத் தோஷம் சரியாப் போச்சு. ஏழு பொருத்தம் இருக்குது. தாராளமா செய்யலாம்."

"சரேம்மா" என்றார் மாமன் என்னைப் பார்த்து. பெண்ணின் அம்மா அங்கேயே கோபுரத்தைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்தாள். வெகுநேரம் இறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் அவர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். விட்டுப்போன கட்டளையைப் போட்டார். பிறகு முதல் கட்டளையை மறுபடியும் போட்டார். வரிசைப்படி இதுதான் பின்னால் வர வேண்டுமாம். அணைப்பதற்கு முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நேரம் பாக்கலியா?"

"எல்லாம் போட்டாச்சு இல்ல?"

"போட்டாச்சு."

"அப்ப ஏத்துங்க."

இந்த முறை நிற்கவில்லை. கேமராவைத் திறந்தார். திரையில் நாங்கள் இரண்டு பேரும் நேராக உட்கார்ந்திருந்தோம். தலை மேலே, தோள் கீழே. அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் பூவைச் சரிசெய்துகொண்டேன். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. அதற்கு அடுத்த படம் சித்தூர்ப் பையனும் பள்ளிப்பட்டுப் பெண்ணும் பத்திரிகை வைக்க வந்தபோது எடுத்தது. அவளுக்குக் கண் மூடிப்போய்விட்டது, இன்னொன்று எடுங்கள் என்று அவள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவரிடம் ஒரு வேலை சொன்னேன். அந்தப் பட்டியலுக்குச் சைபர் வேண்டாம், பழையபடி ஐந்து விநாடி வையுங்கள் என்று.

"ஆபத்துக்கு ஒதவும். நல்லதுதான்" என்றார்.

ஆமாம், ஆபத்துக்கு உதவும். தினமும் காலையில் குளித்துவிட்டு நான்தான் லேப்டாப்பைப் போடுகிறேன். கம்பெனிப் படம் போகிறது, கோடு சிமிட்டுகிறது, பட்டியல் வருகிறது. இப்போது என் பெயர் முதல் வரியிலேயே வரும்படி வைத்திருக்கிறார். ஐந்து, நான்கு, மூன்று என்று எண் இறங்கும்வரை அதை வாசிக்கிறேன். சில நாள் மனம் நிறையவில்லை என்றால், அணைத்துவிட்டு இன்னொரு தடவை போடுவேன்.